ஆசிரியர் மாநாடு முடிந்ததும் குழு ஏன் தூங்கிவிடுகிறது? பெங்களூரு அனுபவங்கள்

அல்சூர் கரும்பலகை:
நம்ம ஊர் தமிழாசிரியர் மாநாடுகள் பலவற்றில் இதே கதைதான். ஞாயிறு சாயங்காலம் குரூப் போட்டோ, திங்கள் காலையிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும். கூட்டம் கலைந்த பிறகும் பேச்சு தொடர என்ன வழி என்று, செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள். என் பங்கு முதலில்.

பிப்ரவரி, மார்ச்சில் மாநாடே வேண்டாம். சிபிஎஸ்இ, எஸ்எஸ்எல்சி, இரண்டாம் பியூசி (நம்ம கர்நாடகத்துப் பன்னிரண்டாம் வகுப்பு) தேர்வுகள் எல்லாம் அப்போதுதான். குழுவை ஆறு வாரம் முன்னால் தொடங்குவது சரியான அளவு. மூன்று மாதம் முன்னால் தொடங்கினால் பேச விஷயம் இல்லாமல் பார்வர்டு வந்து நிரம்பும். கடைசி வாரத்தில் தொடங்கினால் 'சாப்பாடு உண்டா, பார்க்கிங் எங்கே' தவிர எதுவும் வராது.

ஒரு குழுவில் 1024 பேர் சேரலாம் என்பதற்காக எல்லாரையும் ஒரே குழுவில் கொட்டாதீர்கள். பல குழுக்களை ஒரே குடையின் கீழ் வைக்கும் வாட்ஸ்அப் 'கம்யூனிட்டி' தொடங்குங்கள். அறிவிப்புக் குழு அதோடு தானாக வரும், அதில் நிர்வாகிகள் மட்டும்தான் எழுதலாம். அதன் கீழே 25, 30 பேராகச் சிறு குழுக்கள்: தொடக்கப்பள்ளி, உயர்நிலை, அடுக்ககங்களில் ஞாயிறு வகுப்பு எடுப்பவர்கள் என்று. 200 பேர் நடுவே வாயே திறக்காத டீச்சர், 25 பேர் இருக்கும் இடத்தில் பேசுவார். ஒரு எச்சரிக்கை: அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது, சிறு குழுவில் தெரியும். அதைச் சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டுச் சேருங்கள். பதிவுப் படிவத்திலேயே அதற்கு ஒரு கேள்வி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஜாலஹள்ளி தட்டச்சு:
கரும்பலகை சார் சொன்னதெல்லாம் சரி. ஹேஷ்டேக்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தமிழில் டேக் வைத்தால் ஒற்று வந்து குறுக்கே நிற்கும். #தமிழ்க்கல்வி என்று நீங்கள் அறிவிப்பீர்கள், பாதிப் பேர் #தமிழ்கல்வி என்று போடுவார்கள். பதிவுகள் இரண்டு கூறாகிவிடும், ஒரு பக்கம் தேடினால் மறுபக்கம் வராது. இலக்கண வகுப்பு எடுக்க அது நேரமில்லை, ஒற்றுச் சிக்கலே இல்லாத சொல்லாகத் தேர்ந்தெடுங்கள்.

ஔகார உயிர்மெய்யும் ஆகாது. 'கௌ'வில் இருப்பது ஒரே குறி. பலர் அதையே எகரக் கொம்பும் ளகரமுமாகத் தட்டுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. இடைவெளி, புள்ளி, சிறுகோடு எது வந்தாலும் டேக் அங்கேயே அறுந்துவிடும். ஆண்டைச் சேர்ப்பதானால் இலக்கத்தில், ஒட்டி எழுதுங்கள். அறிவிக்கும் முன் ஓர் ஆண்ட்ராய்டு, ஓர் ஐபோன், ஒரு லேப்டாப் மூன்றிலும் தட்டிப் பார்க்க வேண்டும்.

கட்டுரைச் சுருக்கங்களை யூனிகோடில் மட்டும் வாங்குங்கள். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்ததை அப்படியே எடுத்து ஒட்டினால் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று உதிர்ந்து விழும். இன்னமும் பாமினியை விடாத மூத்தவர்கள் உண்டு. கோபித்துப் பயனில்லை, எழுத்துரு மாற்றியில் போட்டு எடுங்கள். ஆனால் மெய்ப்புப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

மைக் செட் மாமா:
அரங்கத்து வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். க்யூஆர் கோடை ஸ்லைடின் மூலையில் தபால்தலை மாதிரி வைக்கிறார்கள். தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்பது கணக்கு. கடைசி வரிசை 15 மீட்டரில் என்றால் திரையில் க்யூஆர் கோடு ஒன்றரை மீட்டர் இருக்கணும். அதற்கு வழியில்லையா, அச்சடித்து நாற்காலிக்கு ஒன்று வையுங்கள், நாலு சென்டிமீட்டர் போதும். இலவசச் சோதனைக் கணக்கில் செய்த டைனமிக் க்யூஆர் கோடு (அதைச் செய்துதரும் தளத்தின் வழியாகவே இணைப்பு திறக்கும் வகை) வேண்டவே வேண்டாம், கெடு முடிந்ததும் செத்துப்போகும்.

யூடியூப் லைவ் புதுச் சேனலில் உடனே கிடைக்காது. போன் எண்ணைச் சரிபார்த்த பிறகு 24 மணி நேரம் வரை ஆகலாம். கைப்பேசியிலிருந்து நேரலை போட 50 சந்தாதாரர்களாவது வேண்டும். ஆகவே முந்தின வாரமே ஒரு சோதனை ஓட்டம். 720பி தரத்தில் வீடியோ போக அப்லோடு வேகம் நிலையாக 5, 6 எம்பிபிஎஸ் இருந்தால் நிம்மதி. அரங்கத்து வைஃபை காலியாக இருக்கும்போது பறக்கும், 300 போன் நுழைந்ததும் படுத்துவிடும். லைவுக்குத் தனி லேன் கம்பி இழுங்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரௌட்டர் ஓடாதே? அதையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். பலர் மறக்கும் இடம் இதுதான்.

மிக்சரின் லைன் அவுட்டை லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகாதீர்கள். மைக்குக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு வலுவான சிக்னல் அது, குரல் கரகரத்துப் பிளந்துவிடும். நடுவில் ஓர் ஆடியோ இன்டர்பேஸ், அதாவது மிக்சர் ஒலியை யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும் பெட்டி வேண்டும். தேநீர் இடைவேளையில் சினிமாப் பாட்டு ஒலித்தால் காப்புரிமைக் கோரிக்கை வரும், லைவில் அப்போது மைக்கை அணைத்துவிடுங்கள்.

ஒயிட்ஃபீல்டு டீச்சர்:
வகுப்புவாரிக் குழுக்கள் மாநாடு வரைக்கும்தான் சார். அதன் பிறகு வட்டாரவாரிதான் நிலைக்கும். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஒரு சனிக்கிழமைச் சந்திப்புக்கு யார் வருவார்கள்? ஒயிட்ஃபீல்டில் இருக்கும் எட்டுப் பேர் ஒரு வீட்டு மாடியில் கூடிவிடுவார்கள்.

பாடப்பொருள்களை ஒரே தளத்தை நம்பி வைக்காதீர்கள். சொந்தமாகச் சமூக வலைத்தளம் அமைக்க உதவிய நிங் 2010-ல் இலவசச் சேவையை நிறுத்தியது, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடியது, ஆசிரியர்களுக்கென்றே இருந்த எட்மோடோ 2022 செப்டம்பரில். மாநாட்டுக்கென்று ஒரு பொது மின்னஞ்சலும் அதன் டிரைவும் வைத்து, கடவுச்சொல்லை இரண்டு பேரிடம் கொடுங்கள். பள்ளிக் கணக்கில் வைத்தால் ஆசிரியர் பள்ளி மாறும்போது கோப்புகளும் போய்விடும். இணைப்பில் 'பார்க்க மட்டும்' என்று அனுமதி கொடுங்கள், இல்லையென்றால் யாராவது ஒருவர் தெரியாமல் அழித்துவிடுவார். மாணவர் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோர் சம்மதம் வாங்குங்கள். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் கறார்.

அல்சூர் கரும்பலகை:
வட்டாரவாரிக்கு ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். இணையச் சந்திப்புக்கு ஜூம் இலவசக் கணக்கின் 40 நிமிடமே நல்ல அளவு, பேசுபவர் நீட்ட முடியாது. மாதம் ஒருவர் ஒரு பயிற்சித்தாளைக் காட்டட்டும், மற்றவர்கள் அதை வகுப்பில் போட்டுப் பார்த்துவிட்டு எங்கே பிள்ளைகள் தடுக்கினார்கள் என்று குழுவில் எழுதட்டும். முதல் மூன்று பேரின் பெயரை மாநாட்டு மேடையிலேயே அறிவித்துவிட வேண்டும். 'பிறகு முடிவு செய்வோம்' என்று விட்டால் மறுபடியும் ரோஜாப்பூதான்.