கியூபேனுக்கு ஆறு முகம், என் நிரலில் ஐந்து வளையம்: எங்கே பிழை?

கேள்வி
வணக்கம். மூலக்கூறில் உள்ள வளையங்களைக் கண்டுபிடிக்கப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். ஆழமுதல் தேடல்தான் (ஒரு வழியில் போகுமட்டும் போய், பிறகு திரும்பி அடுத்த வழியைப் பார்ப்பது), ஏற்கெனவே பார்த்த அணுவை மறுபடி தொட்டால் அங்கே ஒரு வளையம் என்று குறித்துக்கொள்ளும். பென்சீன் ஒழுங்காக வந்தது. நாஃப்தலீன், அதாவது அந்துருண்டை, தகராறு செய்கிறது. 6, 6 அணுக்கள் கொண்ட இரு வளையங்கள் வர வேண்டிய இடத்தில் 10, 6 என்கிறது. பிணைப்புகளின் வரிசையை மாற்றிக் கொடுத்தால் சில வேளை தானாகச் சரியாகிவிடுகிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

பதில் 1
எண்ணிக்கையைப் பாருங்கள்: பிணைப்பு − அணு + 1 என்பதே ஒன்றையொன்று சாராத வளையங்களின் எண்ணிக்கை. பிணைப்பு 11, அணு 10. 11 − 10 + 1 = 2. இரண்டு வளையம் வந்துவிட்டது. எந்த இரண்டு என்பதற்குத்தான் ஆழமுதல் தேடல் பொறுப்பேற்காது.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் 1 முதல் 10 வரை எண்ணிடுங்கள், நடுப்பிணைப்பு 5–10. தேடல் 5-இலிருந்து 6-க்குப் போனால் வெளிச்சுற்று முழுவதையும் வலம் வந்து 1-ஐத் தொடும், 10 கிடைக்கும். 5-இலிருந்து 10-க்குத் தாவினால் 6, 6.

பத்தையும் ஆறையும் எக்ஸ்ஆர் செய்யுங்கள், அதாவது இரண்டிலும் இருப்பதை நீக்கி ஒன்றில் மட்டும் இருப்பதை வையுங்கள்: பொதுவான ஐந்து பிணைப்புகள் அடிபட்டு, மற்ற ஆறு எஞ்சும். ஹார்ட்டன் 1987-இல் தந்த முறைக்கு இதுவே அடிப்படை. ஒவ்வோர் அணுவுக்கும் ஒவ்வொரு பிணைப்புக்கும் குறுகிய பாதைகளால் ஒரு வளையம் கட்டி, சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி, முந்தியவற்றின் எக்ஸ்ஆராக வருவதைத் தள்ளிவிடுங்கள். எஞ்சும் தொகுப்புக்குச் சிறும அடித்தளம் என்று பெயர்.

கேட்டவர்
நன்றி ஐயா, அந்துருண்டை அடங்கிவிட்டது. இப்போது கியூபேன், கனசதுரத்தின் எட்டு மூலையிலும் ஒவ்வொரு கார்பன் உள்ள மூலக்கூறு. 12 − 8 + 1 = 5. கனசதுரத்துக்கு ஆறு முகம் அல்லவா? எட்டுக் கார்பனும் ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாதவை. என் நிரலோ நான்கு அணுக்கள் மூன்று வளையத்திலும் மற்ற நான்கு இரண்டிலும் இருப்பதாகச் சாதிக்கிறது.

பதில் 2
இந்தப் பழி உங்கள் நிரலுக்கு வேண்டாம்; குறை சிறும அடித்தளத்தின் வரையறையிலேயே இருக்கிறது. கனசதுரத்தின் ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகங்களுக்குச் சொந்தம். ஆகவே ஐந்து முகங்களை எக்ஸ்ஆர் செய்தால் ஆறாவது வந்துவிடும், நிரலும் அதை மிகை என்று தள்ளிவிடும். எந்த முகம் பலியாகிறது என்பது நீங்கள் அணுக்களைக் கொடுத்த வரிசையைப் பொறுத்தது. பலியான முகத்தின் நான்கு மூலைகளுக்குத்தான் ஒரு வளையம் குறைகிறது.

விஸ்மரா 1997-இல் இதற்கு வழி சொன்னார்: எல்லாச் சிறும அடித்தளங்களிலும் வரக்கூடிய வளையங்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது. கியூபேனுக்கு ஆறும் வரும். சில மூலக்கூறுகளில் இந்தப் பட்டியல் கட்டுக்கடங்காமல் பெருகும் என்பது வேறு கதை. ஆர்டிகிட் என்ற வேதியியல் நிரலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், சமச்சீர் பார்த்துச் சேர்க்கும் தனிச்செயற்கூறே அதில் இருக்கிறது.

அது போகட்டும், வளையம் உங்களுக்கு எதற்கு?

கேட்டவர்
சுழலக்கூடிய பிணைப்புகளை எண்ண. வளையத்தில் இருப்பவற்றை விலக்க வேண்டும்.

பதில் 2
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! வெட்டினால் மூலக்கூறு இரண்டாகப் பிரிந்தால் அந்தப் பிணைப்பு பாலம். பாலம் அல்லாத எல்லாம் வளையத்தில் இருப்பவை. டார்ஜானின் 1974 முறை ஒரே ஓட்டத்தில் பாலங்களைச் சொல்லிவிடும். அதுவும் ஆழமுதல் தேடல்தான். உங்கள் முதல் நிரலில் ஏழெட்டு வரி சேர்த்தால் போதும்.

கேட்டவர்
செய்துவிட்டேன். இரு பென்சீன் வளையங்கள் ஒரு பிணைப்பால் இணைந்த பைஃபீனைலின் 13 கார்பன்–கார்பன் பிணைப்புகளில் நடுவில் உள்ள ஒன்று மட்டும் பாலமாக வந்தது. ஹார்ட்டன் நிரலை அழிக்க மனம் வரவில்லை; தனிக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.