‘சைஃபர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான துணைப்பாட நூலில் ஹிப்-ஹாப் பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ராப், டிஜே ஆகியவற்றை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிட்டேன். ‘சைஃபர்’ மட்டும் தடுக்கிறது. தெருமுனையிலோ பூங்காவிலோ மேடையின்றி வட்டமாக நின்று, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுத்து, அந்தக் கணத்தில் தோன்றும் அடிகளைப் பாடுவதையும், ஆடுவோர் ஒவ்வொருவராக நடுவில் இறங்குவதையும் அது குறிக்கிறது. ‘சைபர்’ என்று எழுதிக் காட்டினால் மாணவர்கள் இணையக் குற்றத்தை நினைக்கிறார்கள்.

இலக்கண ஆசிரியர்:
அம்மா, சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை இருக்கையில் புதுச்சொல் எதற்கு? வட்டமும் உண்டு, பாட்டும் உண்டு, ஆட்டமும் உண்டு. குரவை பொருந்தாது என்பீராயின் வேர்ச்சொல்லைப் பாருங்கள். சுழியத்தைக் குறித்த வடமொழிச் ‘சூனியம்’ அரபியில் ‘சிஃப்ர்’ ஆகி, ஐரோப்பாவைச் சுற்றி, நம் பாட்டன்மார் கணக்கில் ‘சைபர்’ என்று திரும்பி வந்தது. 1964இல் நியூயார்க்கின் ஹார்லெமில் தோன்றிய ‘ஐந்து விழுக்காட்டினர்’ என்னும் கறுப்பின இயக்கத்தார் சுழியத்தை முழுவட்டமாகக் கொண்டு, தாம் கூடி நின்று பேசும் வளையத்துக்கு அப்பெயரை இட்டனர். ராப் பாடகர்கள் அவர்களிடமிருந்து அதை எடுத்துக்கொண்டார்கள். எனவே ‘பாச்சுழி’ என்பேன். சுழி என்பது எண், நீர்ச்சுழல், தலையெழுத்து மூன்றையும் தாங்கும் சொல்.

ஓய்வுபெற்ற நூலகர்:
‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ (கட்டம் வரையாமல் காயாடுவது போன்றது) என்னும் குறளில் அவையில் பேசுவதைக் ‘கோட்டி கொளல்’ என்கிறார் வள்ளுவர். ‘சொற்கோட்டி’ எனலாமே.

நெல்லை அன்பர்:
ஐயா, எங்கள் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். அத்துடன் அது வடமொழிக் ‘கோஷ்டி’யின் தமிழ் வடிவம். புரியவும் புரியாத, தனித்தமிழும் ஆகாத ஒரு சொல்லை மாணவர் தலையில் ஏற்ற வேண்டுமா?

இசை ஆய்வாளர்:
அந்த வட்டம் எந்த மண்ணில் கூடியது என்பதை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் தேடுகிறோமோ என்று வருந்துகிறேன். நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, வறுமையும் தீவிபத்துகளும் சூழ்ந்திருந்த நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1971 டிசம்பரில், ‘கெட்டோ பிரதர்ஸ்’ என்னும் தெருக்குழுவின் சார்பில் சமாதானம் பேசச் சென்ற கார்னெல் பெஞ்சமின் அடித்துக் கொல்லப்பட்டார். பழிவாங்கல் என்று எல்லோரும் அஞ்சியிருக்க, அக்குழு ஹோ அவென்யூவில் பகைக்குழுக்களைக் கூட்டிப் போர்நிறுத்தம் பேசியது. அதன்பின்தான் ஒரு தெருப் பிள்ளைகள் மறு தெருவுக்குள் அச்சம் குறைந்து நுழைய முடிந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று, ஹிப்-ஹாப்பின் பிறப்பிடமாகக் கருதப்படும் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க் தம் தங்கை சிண்டியின் விருந்துக்கு இசைத்தட்டு சுழற்றியபோது, அந்தப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் ஆடினார்கள். கைகலப்பாக முடிந்திருக்கக்கூடிய பகை, நடுவில் இறங்கி ஒருவரையொருவர் வெல்லும் போட்டியாக மாறியது. ஆகவே நம் சொல்லில் ‘முறை’ தெரிய வேண்டும். குரவையில் அனைவரும் கைகோத்து ஒன்றாக ஆடுவர். இங்கோ ஒருவர் பாட, மற்றவர் காது கொடுத்துத் தம் முறைக்குக் காத்திருப்பர். நூலகர் ஐயா காட்டிய குறளில் அரங்காகிய கட்டம் இல்லாமை குறை. இவர்களுக்கோ மேடையாகிய அரங்கு இல்லாமையே உரிமை, ஏனெனில் இவர்களை ஏற்றிவிட எந்த மேடையும் இருக்கவில்லை. ‘முறைவட்டம்’ என்பது என் பரிந்துரை.

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. ‘முறைவட்டம்’ மாணவர்களுக்கு ஊராட்சி எல்லைபோல் ஒலிக்கிறது. ‘வாசகர் வட்டம்’ பழகியிருப்பதால் எனக்குத் தோன்றிய ‘சொல்வட்டம்’ உடனே விளங்குகிறது; எனக்குத் தனியே மடல் எழுதியவர்களில் நால்வர் அதற்கு இசைந்திருக்கிறார்கள். அதையே வைக்கிறேன். முதலில் வரும் இடத்தில் சைஃபர் என்ற சொல்லையும் அதன் கதையையும் அடிக்குறிப்பில் தருகிறேன்.

இசை ஆய்வாளர்:
நான் இசையவில்லை என்பதையும் அந்த அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டுகிறேன். வாய் திறக்காமல் தரையில் சுழன்று ஆடியவர்களும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். ‘சொல்’ என்ற முன்னொட்டு அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது.