கேம் எக்ஸ்போ ஸ்டால்ல மாடல்ஸ நிக்க வைக்கலாமா? பார்ட்னர் வேணும்ங்கறார், எனக்கு மனசு ஒப்பல

ராத்திரி_கோடர்:

வணக்கம் மக்களே. நாங்க அஞ்சு பேர் சேர்ந்து ரெண்டரை வருஷமா ஒரு பசில் கேம் பண்ணிட்டு இருக்கோம். இப்பதான் முதல் தடவையா ஒரு பெரிய எக்ஸ்போவுல ஸ்டால் புக் பண்ணிருக்கோம், மூலையில சின்ன இடம், ரெண்டு டெமோ மெஷின், ஒரு டிவி, ஒரு பேனர், அவ்ளோதான். எங்க பார்ட்னர் (பணம் போட்டவர் அவர்தான்) என்ன சொல்றார்னா ஏஜென்சில பேசி ரெண்டு மாடல்ஸ கூட்டிட்டு வந்து ஸ்டால் முன்னாடி நிக்க வைப்போம், இல்லனா பெரிய கம்பெனி ஸ்டாலுக்கு நடுவுல நம்மள ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்னு. அவர் கெட்டவர் இல்ல, நிஜமாவே பயந்துபோய்தான் சொல்றார், போட்ட காசு அவரோடது.

எங்க டீம்ல லெவல் டிசைன் பண்றது ஒரு பொண்ணு. மீட்டிங்ல இந்தப் பேச்சு வந்தப்ப அவங்க எதுவும் சொல்லல, லேப்டாப்ப பாத்துட்டே இருந்தாங்க. அதப் பாத்ததுல இருந்து எனக்கு உறுத்திட்டே இருக்கு. ஆனா பார்ட்னர்கிட்ட "எனக்குப் பிடிக்கல"ன்னு மட்டும் சொன்னா எடுபடாது, காரணம் வேணும். இது உண்மையிலேயே வேலை செய்யுதா, எக்ஸ்போக்கள்ல இதுக்கு ரூல் ஏதும் இருக்கா, நீங்க யாராவது ஸ்டால் போட்ட அனுபவம் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_கன்சோல்:

ரூல் கண்டிப்பா இருக்கும் நண்பா, மொதல்ல உங்களுக்கு அனுப்பின எக்ஸிபிட்டர் கைடு முழுசா படிங்க, பாதி பேர் கரண்ட் கனெக்‌ஷன் பக்கத்த மட்டும் படிச்சிட்டு மூடிடறாங்க.

கூட்டம் சேக்க ஸ்டால்ல நிறுத்தற பொண்ணுங்கள "பூத் பேப்"னு சொல்வாங்க, கேம் உலகத்துல இந்தப் பழக்கத்துக்குப் பேர் போனது லாஸ் ஏஞ்சல்ஸ்ல நடந்த இ3ங்கற கேம் ஷோதான். 1995-ல ஆரம்பிச்ச ஷோ, கேம் வாங்கறது எல்லாம் பசங்கதான்னு கம்பெனிகள் முடிவு பண்ணி வெச்சிருந்த காலம், அதனால ஒவ்வொரு ஸ்டாலும் பக்கத்து ஸ்டால விட சத்தமா, பளபளப்பா, கம்மி துணியோடன்னு போட்டி போட்டுட்டே போச்சு. கடைசில நடத்தறவங்களே 2006-ல கண்டிப்பு காட்டினாங்க, பிகினி அடிப்பாகம், அரைகுறை ட்ரெஸ் இதெல்லாம் இருந்தா 5000 டாலர் ஃபைன்னு. அடுத்த வருஷம் ஷோவையே சின்னதாக்கி அழைப்பு இருக்கறவங்க மட்டும் வாங்கன்னு ஆக்கிட்டாங்க, அதுக்குக் காரணம் செலவு, மாடல்ஸ் இல்ல. 2009-ல திரும்ப பெருசா நடந்தப்ப மாடல்ஸும் திரும்ப வந்துட்டாங்க. அந்த ஷோவே இப்ப இல்ல, 2023 டிசம்பர்ல நிரந்தரமா மூடிட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூல் அமெரிக்காவுல நடக்கற பேக்ஸ்ங்கற கேம் ஷோவோடதுதான். அங்க பூத் பேப் கூடாதுன்னு சொன்னதோட நிக்கல, ஸ்டால்ல நிக்கறவங்க ஆணோ பொண்ணோ யாரா இருந்தாலும் அந்தப் பொருளப் பத்தி தெரிஞ்சவங்களா இருக்கணும்னு எழுதிருக்காங்க. அதுக்கு நேர் எதிர் ஷாங்காய்ல நடக்கற சைனாஜாய்ங்கற கேம் ஷோ. அங்க 2015-ல ஷோகேர்ள்ஸுக்கு நெஞ்சுப் பிளவு 2 சென்டிமீட்டருக்கு மேல தெரிஞ்சா 5000 யுவான் ஃபைன்னு கொண்டு வந்தாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒண்ணு அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்னு கேக்குது, இன்னொண்ணு அந்தப் பொண்ணு உடம்புல எவ்ளோ தெரியுதுன்னு அளக்குது. ரெண்டாவது ரூல் போட்டா ட்ரெஸ் நீளமாகும், அவ்ளோதான், அந்தப் பொண்ணு அங்க பொம்மையா நிக்கறது மாறவே மாறாது.

இன்னொண்ணும் உங்க பார்ட்னர்கிட்ட சொல்லுங்க. 2009 சான் டியேகோ காமிக் கான்ல இஏங்கற பெரிய கேம் கம்பெனி டான்டேஸ் இன்ஃபெர்னோ கேமுக்கு ஒரு போட்டி வெச்சாங்க, ஸ்டால் மாடல்ஸ்கூட "காமம்"ங்கற பாவத்த பண்ணி ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, ஜெயிச்சா ரெண்டு பொண்ணுங்களோட டின்னர்னு. ஊரே திட்டித் தீத்துச்சு, கம்பெனி மன்னிப்பு கேட்டுச்சு. அவங்க அதத் தாங்கிடுவாங்க. அஞ்சு பேர் டீமுக்கு அப்படி ஒரு ஃபோட்டோ வைரலாச்சுன்னா கேம் பேரே அதோட ஒட்டிக்கும்.

லீட்_எண்ணுறவன்:

நான் சாஃப்ட்வேர் கம்பெனில மார்க்கெட்டிங், வருஷத்துக்கு நாலஞ்சு எக்ஸ்போ போறவன். நியாய அநியாயத்த மத்தவங்க பேசட்டும், நான் கணக்க மட்டும் சொல்றேன்.

எங்க பழைய கம்பெனில ஒரு தடவை மாடல்ஸ் வெச்சோம். மூணு நாள் முடிஞ்சு பாத்தா ஃபோன்ல எல்லார்கிட்டயும் ஃபோட்டோ இருந்துச்சு, எங்க கைக்கு விசிட்டிங் கார்டுதான் வரல. வந்தவன் செல்ஃபி எடுத்துட்டு அடுத்த ஸ்டாலுக்குப் போய்ட்டே இருந்தான், பின்னாடி என்ன ப்ராடக்ட் ஓடுதுன்னே பாக்கல. அதவிட மோசம் என்னன்னா நிஜமா வாங்கக்கூடிய ஆளுங்க, பொறுப்புல இருக்கறவங்க, அந்தக் கூட்டத்தப் பாத்துட்டு கிட்டயே வரல, யாராவது அங்க நின்னதப் பாத்தா என்ன நினைப்பாங்கன்னு ஒரு கூச்சம். 2014-ல வெளிநாட்டு மார்க்கெட்டிங் ஆள் ஒருத்தர் இதயே எழுதினார், ஒரே ஷோவுல ரெண்டு ஸ்டால் கிடைச்சப்ப ஒண்ணுல மாடல்ஸ், இன்னொண்ணுல பேசத்தெரிஞ்ச அனுபவசாலிங்கன்னு வெச்சு பாத்தாராம், மாடல்ஸ் ஸ்டாலுக்குத்தான் கூட்டமும் லீட்ஸும் (பின்னாடி வாங்கக்கூடிய ஆளுங்களோட தொடர்பு) ரொம்பக் கம்மி. ஒரே ஒரு ஷோ, அத வெச்சு உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது, ஆனா நான் பாத்ததும் அதேதான்.

உங்களுக்கு வேண்டியது விஷ்லிஸ்ட், அதாவது பின்னாடி வாங்கலாம்னு ஆன்லைன் ஸ்டோர்ல உங்க கேம குறிச்சு வெக்கறது. ஒருத்தர் டெமோல பத்து நிமிஷம் உக்காந்தா விஷ்லிஸ்ட் வரும், பத்து செகண்ட் ஃபோட்டோவுக்கு வராது.

முன்னாள்_ப்ரமோட்டர்:

நான் அந்தப் பக்கம் நின்னவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், மன்னிச்சுக்கோங்க.

காலேஜ் படிக்கறப்போ மூணு வருஷம் ப்ரமோட்டர் வேலை பாத்தேன், கேம் ஷோ, பைக் ஷோ, மொபைல் லாஞ்ச் எல்லாம். வேலைய கேவலமா நினைச்சதே இல்ல, என் ஃபீஸ் அதுலதான் கட்டினேன். ஆனா வெளிய இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியாத விஷயம் நிறைய இருக்கு. ட்ரெஸ் அன்னைக்குக் காலைலதான் கைக்கு வரும், ஏஜென்சி ஃபோன்ல சொன்னதுக்கும் பையில இருக்கறதுக்கும் சம்பந்தமே இருக்காது, மாட்டேன்னு சொன்னா அந்த நாள் சம்பளம் போச்சு, அடுத்த கால் வராது. ஹீல்ஸ்ல எட்டு ஒன்பது மணி நேரம். உக்காரக்கூடாது, உக்காந்தா ஸ்டால் "டல்"லா தெரியுமாம். ஏசி ஹால்ல அந்த ட்ரெஸ்ல நடுங்கிட்டு சிரிக்கணும்.

ஃபோட்டோதான் பெரிய கொடுமை. இடுப்புல கை வெக்கறவன், காதுகிட்ட வந்து பேசறவன், கீழ குனிஞ்சு எடுக்கறவன். ஒரு தடவ ஒருத்தன் கை தப்பான இடத்துக்குப் போச்சு, நான் தட்டிவிட்டேன், ஸ்டால் மேனேஜர் வந்து என்னத்தான் கேட்டார், "கஸ்டமர்கிட்ட இப்படியா நடந்துப்ப"ன்னு. அந்த வார்த்தை இன்னைக்கும் காதுல இருக்கு. எங்கள பாத்துக்க ஒரு ஆள போடணும்னு அங்க ஒருத்தருக்கும் தோணவே இல்ல.

ஆனா அதவிட சின்னதா ஒண்ணு இருக்கு, அது எனக்கு அதிகமா வலிச்சுது. ஒரு கேம் ஸ்டால்ல ஒரு பத்து வயசுப் பொண்ணு வந்து என்கிட்ட "அக்கா, இதுல ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாமா"ன்னு கேட்டா. எனக்குத் தெரியல. எனக்கு அந்தக் கேம ஒருத்தரும் காட்டவே இல்ல, பேர் மட்டும்தான் தெரியும். நான் உள்ள இருந்த பையன கைகாட்டினேன், அவன் வேற யார்கிட்டயோ பேசிட்டு இருந்தான், அந்தக் குழந்தை கொஞ்ச நேரம் நின்னுட்டு போய்டுச்சு.

நல்ல அனுபவமும் உண்டு. ஒரு சின்ன டீம், உங்கள மாதிரிதான், ஒரு வாரம் முன்னாடியே கேம என் லேப்டாப்புல போட்டுக் கொடுத்தாங்க. நான் ராத்திரி ராத்திரி உக்காந்து ஆடி முடிச்சேன். ட்ரெஸ் அவங்க கேம் லோகோ போட்ட டீஷர்ட், ஜீன்ஸ், ஷூ. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ப்ரேக், டீம் எல்லாருக்கும் அதே ப்ரேக்தான். மூணாவது லெவல்ல எல்லாரும் மாட்டுவாங்க, நான் பக்கத்துல நின்னு "மேல பாருங்க"ன்னு மட்டும் சொல்வேன், அவங்க கண்டுபிடிச்சதும் அந்த முகத்துல வர்ற சந்தோஷம் இருக்கே, அந்த ஷோ முடிஞ்சப்ப எனக்கு வீட்டுக்குப் போகவே மனசு வரல. அன்னைக்கும் நான் மேக்கப் போட்டுத்தான் போனேன், அழகாத்தான் இருந்தேன், அதுல எந்தத் தப்பும் இல்ல.

ஜாய்ஸ்டிக்_ஜீவா:

அக்கா எழுதினது படிச்சு மனசு கனத்துடுச்சு. ஆனாலும் இன்னொரு பக்கத்தையும் யாராவது சொல்லணும்னு நினைக்கறேன்.

தடை தடைன்னு பேசறப்போ வேலை போறது கம்பெனிக்கு இல்ல, அந்தப் பொண்ணுங்களுக்கு. ஃபார்முலா 1-ல 2018-ல கிரிட் கேர்ள்ஸ் (ரேஸுக்கு முன்னாடி கார் பக்கத்துல நிக்கற மாடல்ஸ்) வேணாம்னு நிறுத்தினப்ப, அந்த வேலை பாத்தவங்கள்லயே நிறைய பேர் வெளிப்படையா கோவப்பட்டாங்க, எங்களுக்குப் பிடிச்ச வேலை, எங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கலையேன்னு. அது நியாயமான கோவம். வளர்ந்த ஒருத்தர் என்ன போடணும் எங்க நிக்கணும்னு அவங்களே முடிவு பண்ணா அதுல நாம என்ன சொல்ல இருக்கு?

காஸ்ப்ளே, அதாவது கேம் கேரக்டர் மாதிரி வேஷம் போடறது, அந்த விஷயமும் சிக்கல். 2012 பேக்ஸ் ஈஸ்ட்ல லாலிபாப் செயின்சா கேமுக்காக ஒரு பிரபல காஸ்ப்ளேயர் அந்த ஹீரோயின் ட்ரெஸ்ல வந்தாங்க, ட்ரெஸ்ஸ மாத்துங்க இல்ல வெளிய போங்கன்னுட்டாங்க. கேம்ல அந்த கேரக்டர் போடறதே அப்படித்தான், டிசைன் பண்ணது கம்பெனி, ஆனா வெளிய போங்கன்னு பேச்சு கேட்டது அந்தப் பொண்ணு. ரூல் நல்லதா இருந்தாலும் அதோட அடி கடைசில யார் மேல விழுதுன்னும் பாக்கணும் இல்லையா.

முன்னாள்_ப்ரமோட்டர்:

@ஜாய்ஸ்டிக்_ஜீவா தம்பி நீங்க சொல்றது சரிதான், நான் மறுக்கல. தடை பண்ணிட்டு அதோட கைய கழுவறவங்க மேல எனக்கும் கோவம் உண்டு. நான் கேக்கறது அந்த வேலைய எடுத்துடுங்கன்னு இல்ல, அதே பொண்ணுக்கு கேமையும் மைக்கையும் கொடுங்கன்னு. சம்பளம் அதே சம்பளம்தானே. "அவங்களே முடிவு பண்ணா"ன்னு சொன்னீங்கல்ல, காலைல ஏழு மணிக்கு பையத் திறந்து பாக்கறப்போ முடிவு பண்ண ஒண்ணுமே இருக்காது தம்பி.

நிலா_பில்டு:

நான் கேம் ப்ரோக்ராமர், எட்டு வருஷமா. ராத்திரி_கோடர், உங்க டிசைனர் ஏன் லேப்டாப்ப பாத்துட்டு இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கறேன்.

ஒரு ஷோவுல எங்க ஸ்டால்ல நான் நின்னுட்டு இருந்தேன், அந்த கேமோட பாதி சிஸ்டம் நான் எழுதினது. வந்த ஒருத்தர் நேரா பக்கத்துல இருந்த இன்டர்ன்கிட்ட போனார், அந்தப் பையன் சேர்ந்து மூணு வாரம் ஆச்சு. அவன் "மேடம்கிட்ட கேளுங்க, அவங்கதான் பண்ணாங்க"ன்னான். அவர் என்னைத் திரும்பிப் பாத்துட்டு "ஓ, நீங்க ப்ரமோஷனுக்கு வந்தவங்கன்னு நினைச்சேன்"னார். அவர் மேல பெரிய கோவம் வரல, ஏன்னா அந்த ஹால்ல சுத்தி இருந்த பெண்கள்ல முக்கால்வாசி பேர் ப்ரமோஷனுக்காக நிறுத்தப்பட்டவங்கதான். அந்த ஹால் அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கு.

2016-ல ஜிடிசிங்கற கேம் டெவலப்பர்கள் மாநாட்டு சமயத்துல எக்ஸ்பாக்ஸ் பார்ட்டில ஸ்கூல் பொண்ணு ட்ரெஸ் போட்ட டான்ஸர்ஸ வெச்சாங்க, அப்ப எக்ஸ்பாக்ஸ் தலைவரா இருந்த ஃபில் ஸ்பென்சர் மன்னிப்பு கேட்டார். அன்னைக்கு மதியம் அதே கம்பெனி பெண் டெவலப்பர்களுக்காக ஒரு நிகழ்ச்சியும் நடத்திருந்துச்சு. மதியம் வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு ராத்திரி அந்த மேடைய பாத்தா, எந்த அழைப்பு நிஜம்னு எடுத்துக்கறது?

அமெரிக்காவுல கேம் கம்பெனிகளோட சங்கமான இஎஸ்ஏ வருஷா வருஷம் எடுக்கற சர்வேல கேம் ஆடறவங்கள்ல பெண்கள் பல வருஷமா 40 சதவீதத்துக்கு மேலதான் இருக்காங்க. நீங்க பண்றது பசில் கேம். உங்க ஸ்டால தாண்டி நடக்கறவங்கள்ல எவ்ளோ பேர் உங்க ஆடியன்ஸ்னு பார்ட்னர யோசிக்கச் சொல்லுங்க.

ராத்திரி_கோடர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு நாளா திரும்பத் திரும்ப படிச்சேன். நிலா மேடம் எழுதினத படிச்சப்புறம் எங்க டிசைனர்கிட்ட தனியா பேசினேன். அவங்க சொன்னது ஒரே வரி, "அவங்க பக்கத்துல நான் நின்னா என்கிட்ட யாரும் லெவலப் பத்தி கேக்க மாட்டாங்கடா". எனக்கு பதில் வரல.

பார்ட்னர்கிட்ட இன்னைக்குப் பேசிட்டேன். நியாயம் பேசினப்ப கேட்டுட்டு இருந்தார், லீட்_எண்ணுறவன் எழுதினத காட்டினப்பதான் இறங்கி வந்தார், பரவால்ல எப்படியோ வந்தாரே. ஆனா அஞ்சு பேரால மூணு நாள் சமாளிக்க முடியாதுங்கறது உண்மை, அதனால அந்த பட்ஜெட்ல ரெண்டு பேர கண்டிப்பா எடுக்கணும்கறார், நானும் ஒத்துக்கிட்டேன். பழைய_கன்சோல் சார் சொன்ன மாதிரி கைடு படிச்சேன், ட்ரெஸ் பத்தி ஒரு பக்கமே இருக்கு, நாங்க யாரும் பாக்கவே இல்ல.

முன்னாள்_ப்ரமோட்டர் அக்கா, ஏஜென்சிகிட்ட என்னென்ன முன்னாடியே பேசணும்னு சொல்ல முடியுமா?

முன்னாள்_ப்ரமோட்டர்:

சந்தோஷம்பா. மொதல்ல, ஏஜென்சிகிட்ட ஃபோட்டோ அனுப்புங்கன்னு கேக்காதீங்க, கேம் ஆடறவங்க யார் இருக்காங்கன்னு கேளுங்க, நிச்சயம் இருப்பாங்க. பையனா பொண்ணான்னு பாக்காதீங்க. ஆடிப் பாக்கற மாதிரி கேமோட பில்டு ஒரு வாரம் முன்னாடி அவங்க கைக்குப் போகணும், ப்ராக்டிஸுக்கும் ஒரு நாள் சம்பளம் போடுங்க. டீஷர்ட் சைஸ் அவங்ககிட்டயே கேட்டு வாங்குங்க. ஸ்டால்ல ரெண்டு ஸ்டூல் கண்டிப்பா வேணும். யாராவது தொந்தரவு பண்ணா யார்கிட்ட வந்து சொல்லணும்னு முதல் நாள் காலைலயே ஒருத்தர் பேர் சொல்லிடுங்க, அந்த ஆள் சாப்பாட்டு நேரத்துலயும் ஹால்ல இருக்கணும். சம்பளத்த ஏஜென்சி எவ்ளோ நாள் கழிச்சு கொடுக்கும்னும் கேட்டுடுங்க, எனக்கு ஒரு தடவ நாலு மாசம் ஆச்சு.

அப்புறம் உங்க டிசைனர் பேர பேட்ஜ்ல பெருசா போடுங்க, கீழ "லெவல் டிசைனர்"னு.

ராத்திரி_கோடர்:

பேட்ஜ் இன்னும் பிரிண்ட்டுக்குப் போகல, இப்பவே மாத்தறேன் அக்கா.