அங்கே முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?

தேரிக்காட்டுப் பேரன்:

எங்கள் ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம். ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். பரலோகத்தைப் பற்றிப் பொன் வீதி, முத்து வாசல், பளிங்கு போன்ற நதி என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மனதில் நின்றது ஆச்சி கட்டிலில் படுத்தபடி சொன்ன ஒரே ஒரு பதில். அதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

விளக்கு வைக்கிற நேரம் ஆச்சி பாயில் உட்கார்ந்து பேர் பேராகச் சொல்லி ஜெபிப்பாள். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் முடிந்ததும் போனவர்கள் பேரும் வரும். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை, இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆச்சியும் அவர்களுக்காக எதையும் கேட்கமாட்டாள். "இவங்களைத் தந்ததுக்கு ஸ்தோத்திரம், பத்திரமா வச்சிருக்கதுக்கு ஸ்தோத்திரம்" என்பாள், அவ்வளவுதான். என் சின்ன வயதில் இந்த இரண்டாவது வரிசை சீக்கிரம் முடிந்துவிடும். கூடப்பிறந்தவர்கள், தாத்தா, கோயிலில் பக்கத்தில் உட்காரும் தோழிகள் என்று ஒவ்வொருவராகப் போகப் போக, அது முதல் வரிசையைவிட நீண்டுவிட்டது. "அங்கதான் இப்ப எனக்கு ஆளு ஜாஸ்தி" என்று ஒருநாள் சொன்னாள். அந்தக் குரலில் துக்கமே இல்லை. பொறந்த வீட்டுக்குக் கிளம்புகிறவள் பேச்சு மாதிரி இருந்தது.

அந்த வரிசையில் எப்போதும் முதலில் வருவது எங்கள் மூத்த பெரியப்பா. நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மூன்று வயதில் காய்ச்சலில் இறந்துபோன பிள்ளை. அவன் அரைஞாணில் கோத்திருந்த வெள்ளி மணி ஒன்றை ஆச்சி வேதாகமப் பையில் வைத்திருந்தாள். கறுத்துப்போன மணி. ஆட்டினால் உள்ளே இருக்கிற பரல் இன்னும் கிலுங்கும்.

கடைசி வாரம் ராத்திரித் துணைக்கு நான்தான் இருந்தேன். "ஆச்சி, அங்க போனா முதல்ல யாரைப் பாப்பீங்க?" என்று கேட்டேன். அறுபது வருஷத்துக்கு மேல் அந்தப் பிள்ளைக்காகக் காத்திருந்தவள், அவன் பேரைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன்.

"ஆண்டவரைத்தாம்ல" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவருதான பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நிப்பாரு."

தேவனோடு இருப்பது ஒன்று, நம் மக்களோடு சேருவது வேறொன்று என்று நான் அதுவரை பிரித்தே வைத்திருந்தேன். நம்மவர்களைப் பார்க்க ஆசைப்பட்டால் ஆண்டவரை இரண்டாவது இடத்தில் வைத்ததாக ஆகிவிடுமோ என்று ஒரு உறுத்தலும் இருந்தது. அடக்க ஆராதனையில் ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரம் வாசித்தபோதுதான் கவனித்தேன். பதினேழாம் வசனம் ஒன்றிலேயே "அவர்களோடேகூட" என்றும் வருகிறது, "கர்த்தருடனேகூட" என்றும் வருகிறது. ஆச்சி அதைப் படித்துக்கொண்டு சொல்லவில்லை. அவளுக்கு அது அப்படியே தெரிந்திருந்தது.

கடலோரத்திலிருந்து:

நாங்கள் கத்தோலிக்கர், தூத்தூர் பக்கம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது என் சித்தப்பா ஆழ்கடலில் தூண்டில் தொழிலுக்குப் போயிருந்தார். படகும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் நவம்பர் 2, கல்லறைத் திருநாள், பெரிய நாள். முந்தின தினமே கல்லறையைக் கழுவி வெள்ளையடித்துப் பூ வைத்துவிடுவோம். சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கும்போது சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வருவார். சித்திக்கு நிற்க ஒரு கல்லறை இல்லை. முதல் வருஷம் கையில் வர்த்தியோடு மதில் ஓரமாகவே நின்றாள்.

அன்று வாசகம் திருவெளிப்பாடு 21. "கடலும் இல்லாமற்போயிற்று" என்று வாசித்ததும் சித்தி முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து, "கடலே இல்லாத இடத்துல அவருக்கு என்ன கெடக்கு?" என்று அழுதாள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்குமா என்று தெரியவில்லை. கடல் அவரைக் கொண்டுபோனதுதான். ஆனால் கடல் இல்லாத அவரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சாமியாரிடமே போய்க் கேட்டாள். அவர் அவசரப்படவில்லை. இதை எழுதிய யோவான் பத்மு தீவில் இருந்தவர், சபை மக்களுக்கும் அவருக்கும் நடுவே கிடந்தது கடல்தான் என்றார். பிரிக்கிற கடல்தான் அங்கே இருக்காது. பிறகு முந்தின அதிகாரத்தைத் திருப்பி, கடல் தன்னிடம் இருந்த இறந்தோரை வெளியே கொடுத்த அந்த வரியைக் காட்டினார். கடலில் போனவர்களை ஆண்டவர் தனியாக நினைத்து எழுத வைத்திருக்கிறார் என்று சித்தி எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறாள்.

இப்போது நவம்பர் 2 அன்று தாத்தா கல்லறையில் ஒரு வர்த்தி, அப்புறம் கரைக்குப் போய் மணலில் ஒன்று. காற்றில் அணைந்துபோகும் என்று தம்பி ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு அதன்மேல் கவிழ்ப்பான். பாட்டிலின் ஒரு பக்கம் உருகி உள்ளே மடிகிற வரைக்கும் அங்கேயே இருப்போம். விசுவாச அறிக்கையில் "புனிதர்களுடைய சமூக உறவை நம்புகிறேன்" என்று ஞாயிறுதோறும் சொல்கிறோமே, எனக்கு அது அந்த மணல்தான்.

பெரம்பூர் மகள்:

அப்பா கணக்கு வாத்தியாராக இருந்தவர். மறதி நோய் வந்து ஐந்து வருஷம். "நீங்க யாரு வீட்டுப் பிள்ளைம்மா?" என்று முதல் தடவை கேட்ட அன்று அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். இப்போது, "உங்க வீட்டுப் பிள்ளைதான் சார்" என்பேன். சார் என்றால் உடனே திரும்பிப் பார்க்கிறார்.

ஞாயிறு குடும்ப ஜெபத்தில் விசுவாசப் பிரமாணம் தொடங்கினால் மட்டும் ஒரு சொல் பிசகாமல் முழுதும் சொல்லிவிடுகிறார். "பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்" என்கிற இடத்தில் கொஞ்சம் குரல் உயரும். வகுப்பில் முக்கியமான வரியைச் சொல்கிற குரல் அது. ஆமென் சொல்லி முடித்ததும் மறுபடியும் நான் யார் என்று கேட்பார்.

"அப்பொழுது நான் அறியப்பட்டிருக்கிறபடியே அறிந்துகொள்ளுவேன்." 1 கொரிந்தியர் 13:12. கல்யாண வீடுகளில் அந்த அதிகாரத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன், இந்தச் சொல் காதில் ஏறியதில்லை. அப்பா எதை மறந்தாலும் அவரை முழுதாக அறிந்த ஒருவர் இருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் மரியாளும் ஆண்டவரைத் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துகொண்டாள். எனக்கு வீட்டில் ஒரு செல்லப் பேர் உண்டு. வைத்தது அப்பா, கூப்பிட்டதும் அப்பா மட்டும்தான். அங்கே அதைக் கேட்பேன் என்று நம்புகிறேன்.

பேர் வேண்டாம்:

நான் விதவை. உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை, கல்யாண உறவு கிடையாது என்று இயேசு சொன்னது எனக்கு ரொம்ப நாள் வலித்தது. முப்பத்திரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அந்த ஆச்சி சொன்னதைப் படித்த பிறகு இன்றைக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கிறது.

தரங்கம்பாடிப் பக்கத்து விவசாயி:

எல்லோரும் பார்க்க ஆசைப்படுகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் பார்க்கப் பயந்தவரைப் பற்றி எழுதுகிறேன். என் சொந்த அண்ணன். வாய்க்கால் தண்ணீர்த் தகராறு, பதினொரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. கோயிலும் ஒன்று, வரப்பும் ஒன்று.

நாங்கள் லுத்தரன் சபை. 1718-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் கோயிலுக்குச் சின்ன வயதில் எங்கள் இரண்டு பேரையும் அப்பா கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எங்கள் சபைக்கும் சுவீடன் சபைக்கும் பழைய உறவு. அங்கே போய்விட்டு வந்த ஐயர் ஒருவர் ஒரு திருவிருந்து ஞாயிறில் இதைச் சொன்னார்: அந்த நாட்டுக் கோயில்களில் பீடத்துக்கு முன்னால் முழங்காலிடுகிற இடம் அரைவட்டமாக இருக்குமாம். மீதி அரைவட்டம் கண்ணுக்குத் தெரியாது, பரலோகத்தில் இருக்கிறவர்கள் அந்தப் பக்கம் நின்று பந்தியை முழுமையாக்குகிறார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்களாம்.

அந்தப் பக்கத்தில் அம்மாவும் அப்பாவும் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே முழங்காலிட்டேன். அண்ணன் எனக்கு மூன்று ஆள் தள்ளி இருந்தார். எதிரில் இருந்து பார்க்கிற அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேருமே தெரிவோம். அப்பத்தை வாங்கின கை நடுங்கியது.

உடனே போய்விடவில்லை, உண்மையைச் சொல்லவேண்டும். இரண்டு மாதம் கழித்து அவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் போனேன். அண்ணி கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார்கள். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். போர்வை விலகி அவர் பாதம் தெரிந்தது. அப்பாவுக்கு இருந்த மாதிரியே குதிகால் வெடிப்பு. போர்வையை இழுத்து மூடிவிட்டு, அவர் எழும்புகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன்.