தாத்தாவின் போர்க்கால முகாம் படங்கள்: எடுத்த இடத்தை எவ்வாறு கண்டறிவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தாயாரின் தந்தை இரண்டாம் உலகப் போரின்போது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரில் (இராணுவத்தின் போக்குவரத்து, வழங்கல் பிரிவு) லாரி ஓட்டுநராகப் பணியாற்றியவர். அவர் விட்டுச்சென்ற ஆல்பம் அண்மையில் என் பொறுப்புக்கு வந்தது. கறுப்புத் தாளில் ஒட்டப்பட்ட சிறிய கறுப்பு வெள்ளைப் படங்கள். எதிலும் ஊர்ப் பெயரோ தேதியோ இல்லை. தாத்தா பர்மாவில் இருந்தார் என்பது மட்டுமே எங்கள் குடும்பத்தில் வழங்கிவரும் செய்தி என்பதால், எல்லாவற்றையும் பர்மா முகாம் படங்கள் என்றே சொல்லிவந்திருக்கிறோம். ஆனால் வரிசையாகப் பார்க்கும்போது அவை ஒரே நாட்டில் எடுக்கப்பட்டவையாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் படத்தில் வெட்டவெளியில் வரிசை வரிசையாகக் கூடாரங்கள் தெரிகின்றன. அவற்றுக்குப் பின்னால் ஈச்சமரம் போன்ற மரங்கள் தோப்பாக நிற்கின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மேடுகூட இல்லை. இரண்டாம் படத்தில் தாத்தா தம் நண்பர்களோடு ரயில் பாதையின் மேல் நிற்கிறார். அனைவரின் தோளிலும் சதுரமான கறுப்புத் துணி தைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அதில் எந்தச் சின்னமும் தெரியவில்லை. மூன்றாம் படத்தில் மூங்கிலும் கீற்றும் கொண்டு கட்டிய கொட்டகைகளும் அவற்றுக்குப் பின்னால் பனைமரங்களும் உள்ளன. பனை இருப்பதால் இது போருக்குப் புறப்படும் முன் சென்னை மாகாணத்தில் எடுத்த படம்தான் என்று என் மாமா உறுதியாகச் சொல்கிறார். நான்காவது படம் பாழடைந்த, மிகப் பெரிய செங்கல் வளைவு ஒன்றைக் காட்டுகிறது. அதன் அடியோரத்தில் வெள்ளை எழுத்தில் ஓர் எண் உள்ளது.

தாத்தாவின் பணிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. சில பதக்கங்கள் மட்டும் ஒரு பெட்டியில் உள்ளன. இவற்றைக் கொண்டு இடங்களை உறுதிசெய்ய வழி உண்டா? அவர் எங்கெல்லாம் இருந்தார் என்பதை என் தாயார் தம் வாழ்நாளிலேயே அறிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

முதல் பதில்

இத்தகைய படங்களைப் பார்க்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது கூடாரமும் லாரியும் சீருடையும்தான். ஆனால் இடத்தைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்பவையும் அவையே. இராணுவம் தன்னோடு கொண்டுசெல்லும் பொருள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கும்படி செய்யப்பட்டது. ஈ.பி.ஐ.பி. என்று இன்றும் அழைக்கப்படும் இரட்டைத் துணிக் கூடாரத்தை வைத்துக்கொண்டு அது ஈராக்கின் பஸ்ராவா, மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியா, மணிப்பூரின் இம்பாலா என்று சொல்லவே முடியாது. ஆகவே இராணுவம் கொண்டுவராத பொருள்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள்: மரம், மலைக்கோடு, நிழல், ரயில் பாதை, உள்ளூர்க்காரர் கட்டிய சுவர், அங்கேயே கிடைத்த கூரைப் பொருள்.

அப்படிப் பார்த்தால் உங்கள் முதல் படத்தின் தீர்ப்பு அந்த மரங்களிடம்தான் இருக்கிறது. நம் நாட்டு ஈச்சமரம் பெரும்பாலும் ஒற்றைத் தண்டாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வளரும். பேரீச்சையோ அடியிலிருந்து பக்கக் கன்றுகளை விடும். அதோடு, ஈராக்கின் தென்பகுதியில் அதை வாய்க்கால் வெட்டி, அடர்ந்த தோப்பாகப் பயிரிடுவார்கள். படத்தைப் பெரிதாக்கி, மரத்தின் அடியில் கன்றுகள் புதராக நிற்கின்றனவா, தோப்புக்குள் வாய்க்கால் கரை தெரிகிறதா என்று பாருங்கள்.

உங்கள் மாமா பனையைக் கண்டதும் சென்னை மாகாணம் என்று நினைத்தது இயல்பே. தமிழர் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பர்மாவின் நடுவிலுள்ள வறண்ட சமவெளியில், மண்டலே, மெய்க்டிலா, பகான் வட்டாரம் முழுவதும் பனை மிகுதியாக வளர்கிறது. இரண்டு நாட்டுப் பனையையும் பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம் உண்டு. நம் பனையேறிகள் காலில் தளைநார் பூட்டி ஏறுவார்கள். பர்மாவில் மரத்தோடு சேர்த்துக் கட்டிய மூங்கில் ஏணியில் ஏறுவார்கள், அந்த ஏணி மரத்திலேயே இருக்கும். மூன்றாம் படத்தில் ஏதேனும் ஒரு பனையின் தண்டை ஒட்டி இணைகோடுகளும் குறுக்குப் படிகளும் தெரிந்தால், உங்கள் மாமாவின் கருத்தைக் கைவிட வேண்டியிருக்கும்.

நான்காவது படம் பாக்தாதுக்குத் தெற்கே சல்மான் பாக் அருகிலுள்ள டெசிஃபோன் வளைவாக இருக்க வாய்ப்பு மிகுதி. இணையத்தில் உள்ள படங்களோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். ஆனால் அடியில் வெள்ளை எண் இருப்பது, அது விலைக்கு வாங்கிய படம் என்பதைக் காட்டுகிறது. படக்கடைக்காரர்கள் நெகட்டிவின் மேலேயே எண்ணையோ பெயரையோ எழுதிவிடுவார்கள். அது அச்சில் வெள்ளையாக விழும். வாங்கிய படம் அவர் அந்த நாட்டில் இருந்ததைக் குறிக்கலாம்; நண்பர் ஒருவர் கொடுத்ததாகவும் இருக்கலாம். எனவே முகாமின் இடத்துக்கு அதைத் தனிச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

இரண்டாம் பதில்

நான் தோளிலுள்ள கறுப்புச் சதுரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அதில்தான் பலர் தவறான வழியில் போய்விடுகிறார்கள். அக்காலத்தில் பலரும் தங்கள் கேமராவில் பயன்படுத்திய ஃபிலிம், எடுத்துக்காட்டாக 1931-இல் கோடாக் வெளியிட்ட வெரிக்ரோம், ஆர்த்தோக்ரோமாட்டிக் வகையைச் சேர்ந்தது. அவ்வகை ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. எனவே சிவப்பு நிறம் அச்சில் ஏறக்குறைய கறுப்பாகவே வரும். நீலம் வெளிறிப் போகும். எல்லா நிறங்களையும் உணரும் வெரிக்ரோம் பான் 1956-இல்தான் வந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, டிவிஷன் எனப்படும் பெரும் படைப்பிரிவுகளின் சின்னங்களை எண்ணிப் பாருங்கள். 17-ஆம் இந்திய டிவிஷனுக்குக் கறுப்புப் பூனை, 7-ஆம் டிவிஷனுக்குப் பொன்னிற அம்பு, 4-ஆம் டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு. 5-ஆம் டிவிஷனின் சின்னமோ கறுப்புச் சதுரத்தின் நடுவே ஒரு சிவப்பு வட்டம். ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிமில் அந்த வட்டம் கறுப்போடு கறுப்பாகக் கலந்து, வெறும் கறுப்புச் சதுரம் மட்டுமே எஞ்சும். உங்கள் படத்தில் இருப்பது அதுவாக இருக்கலாம்.

அது உண்மையானால் மற்ற படங்களும் ஒரு வரிசைக்கு வருகின்றன. அந்த டிவிஷன் எரித்ரியாவிலும் பிறகு வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் போரிட்டு, 1942 இறுதியில் ஈராக்குக்கு வந்து, 1943-இல் இந்தியா திரும்பி, அதன்பின் பர்மாவின் மேற்குக் கரையிலுள்ள அரக்கானுக்கும், 1944 மார்ச்சில் விமானம் மூலம் இம்பாலுக்கும் சென்றது. 1945 மார்ச்சில் அதன் உட்பிரிவான 9-ஆம் பிரிகேடு மெய்க்டிலாவில் இறக்கப்பட்டது. அதாவது, பேரீச்சந் தோப்பையும் பர்மாவின் பனைக்காட்டையும் ஒரே ஆல்பத்தில் கொண்டிருக்கக்கூடிய படைப்பிரிவு அது.

ஆனால் இதை ஏற்கும் முன் பதக்கங்களைப் பாருங்கள். நட்சத்திர வடிவப் பதக்கம் ஒவ்வொன்றின் நடுவிலும் அதன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஆப்பிரிக்கா ஸ்டார், பர்மா ஸ்டார் இரண்டும் இருக்கின்றனவா? அதோடு, இரண்டாம் படத்தில் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தை, அதே தூரத்தில் நிற்கும் ஒருவரின் உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அக்கால ஈராக்கில் பஸ்ராவிலிருந்து பாக்தாது வரையிலும் கிர்கூக் வழியிலும் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர். பாக்தாதிலிருந்து மொசூல் செல்லும் வழி 1.435 மீட்டர் அகலமுள்ள ஸ்டாண்டர்டு கேஜ். ஒருவர் 1.7 மீட்டர் உயரம் என்று கொண்டால், மீட்டர் கேஜ் அவர் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கும், ஸ்டாண்டர்டு கேஜ் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். இந்த வேறுபாடு சிறிய படத்திலும் புலப்படும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பெட்டியைத் திறந்து பார்த்தேன். 1939–45 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், பர்மா ஸ்டார் மூன்றும் இருக்கின்றன. ஆப்பிரிக்கா என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. என் தாயாரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் அந்தப் பதக்கத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

ரயில் பாதையை அளந்து பார்த்ததில், தண்டவாளத்தை ஒட்டி நிற்பவரின் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு வருகிறது. முதல் படத்தில் மரங்களின் அடிப்பகுதி அடர்ந்த புதராகவே தெரிகிறது. பனையின் தண்டில் ஏணி இருப்பதாக ஒரு மரத்தில் தோன்றுகிறது, ஆனால் படம் மங்கலாக இருப்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் பதில்

மேலே சொன்னவை வலுவான ஊகங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கறுப்புச் சதுரத்தை வைத்து ஒரு டிவிஷனை நிலைநாட்டுவது அவசரம் என்றே கருதுகிறேன். நிழலில் நின்றாலோ வெளிச்சம் போதாமல் படம் எடுத்தாலோ கரும்பச்சையும் கருநீலமும்கூடக் கறுப்பாகத் தெரியும். ஆப்பிரிக்கா ஸ்டாரும் பர்மா ஸ்டாரும் சேர்ந்து பெற்றவர்கள் வேறு பல பிரிவுகளிலும் இருந்தார்கள். மீட்டர் கேஜ் அக்காலத்தில் பர்மாவிலும் அஸ்ஸாமிலும் தென்னிந்தியாவிலும் இருந்தது. எனவே படத்துக்குள் இருக்கும் சான்றும், படத்துக்கு வெளியே இருக்கும் காகிதச் சான்றும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்தைக் காட்டும்போதுதான் இடம் உறுதியாகிறது.

காகிதச் சான்றுகளில் மிகவும் பயனுள்ளது பழைய கடித உறைதான். களத்திலிருந்து வந்த உறைகளில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக ஃபீல்டு போஸ்ட் ஆபிஸ் (இராணுவக் கள அஞ்சலகம்) எண்ணும் தேதியும் முத்திரையாக இருக்கும். எந்த எண் எந்தத் தேதியில் எங்கே இயங்கியது என்பதை அஞ்சல்தலை ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். உங்கள் உறவினர் வீடுகளில் ஓர் உறை கிடைத்தாலும் போதும், பல மாத ஊகத்தை அது தீர்த்துவிடும். அடுத்தது, ஆர்மி சர்வீஸ் கோரின் ஆவண அலுவலகத்துக்கு அவருடைய பணி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுவது. எண் தெரியாவிட்டால் பதக்கங்களின் விளிம்பையும் பின்புறத்தையும் பாருங்கள். சிலவற்றில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும்.

அவர் இருந்த கம்பெனியின் (சிறு படைப்பிரிவின்) பெயர் கிடைத்துவிட்டால், அதன் போர் நாட்குறிப்பைத் தேடலாம். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் மத்தியக் கிழக்குப் படைகளின் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 169 என்ற வரிசையிலும், தென்கிழக்காசியப் படைகளுடையவை டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையிலும் உள்ளன. புது தில்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் தேடிப் பாருங்கள். முகாம் எந்த நாளில் எந்த இடத்துக்கு மாறியது என்பதை நாட்குறிப்பு நாள்வாரியாகச் சொல்லும்.

நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது விலக்குவதற்குப் பயன்படும் சான்று. பஸ்ரா ஏறக்குறைய 30.5 பாகை வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பர் பிற்பகுதியில் நடுப்பகலிலும் அங்கே ஒருவரின் நிழல் அவர் உயரத்தைப் போல 1.37 மடங்குக்குக் குறையாது. சென்னையின் அட்சத்தில் அதே நாளில் நிழல் உயரத்தில் முக்கால் பங்குதான். டிசம்பரிலோ ஜனவரியிலோ எடுத்தது என்று வேறு வகையில் தெரிந்த ஒரு படத்தில் நிழல் ஆளைவிடக் குட்டையாக இருந்தால், அது ஈராக் அல்ல என்று துணிந்து சொல்லலாம். நிழல் நீளமாக இருந்தால் எதுவும் சொல்ல முடியாது. காலையிலும் மாலையிலும் எங்குமே நிழல் நீளம்தான்.

முதல் பதில் எழுதியவர்

மேற்கண்ட எச்சரிக்கை முற்றிலும் சரியானது. ஏணியைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்க, படத்தைக் கைபேசியில் எடுப்பதற்குப் பதிலாகத் தரமான ஸ்கேனரில் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) அளவில் எடுங்கள். நெகட்டிவின் அளவிலேயே அச்சிட்ட, ஆறுக்கு ஒன்பது சென்டிமீட்டர் கான்டாக்ட் பிரிண்டாக இருந்தால் ஏறக்குறைய 2,800-க்கு 4,250 பிக்சல் கிடைக்கும்; அதில் ஏணி இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். படங்களை ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டாம். தானாகக் கழன்றுவிட்ட படம் இருந்தால் மட்டும் பின்புறத்தைப் பாருங்கள். பென்சில் எழுத்து அழிந்திருந்தாலும், பக்கவாட்டில் விளக்கை வைத்தால் அதன் அழுத்தம் தெரியும்.

படம் இடவலமாக மாறி அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். பதக்க ரிப்பன் இடது மார்பில் இருக்க வேண்டும்; லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் போல்ட் கைப்பிடி வலப்பக்கம் இருக்க வேண்டும். மாறியிருந்தால் மலைக்கோட்டை வரைபடத்தோடு ஒப்பிடுவது முழுவதும் பிழையாகிவிடும்.

ஆல்பத்தில் மலை தெரியும் படம் வேறு ஏதேனும் இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து இங்கே இடுங்கள். இம்பால் சமவெளியைச் சுற்றியுள்ள மலைக்கோடு இன்றும் மாறாதது. கூகுள் எர்த்தில் தரைமட்டக் கோணத்தில் வைத்து ஒப்பிடலாம். அப்பகுதிக்கு, அமெரிக்க இராணுவம் வெளியிட்ட யு502 வரிசை வரைபடங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈராக் படத்துக்கு, 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்டு 1995-இல் வெளியிடப்பட்ட கொரோனா செயற்கைக்கோள் படங்கள் உதவும், ஏனெனில் அங்கே பல பேரீச்சந் தோப்புகள் பிற்காலத்தில் அழிந்துவிட்டன, இன்றைய படத்தில் அவற்றைத் தேடிப் பயனில்லை. முதலில் இரண்டாம் படத்தின் ஸ்கேனை இடுங்கள். ரயில் பாதைக்கு அப்பால் கம்பமோ கட்டடமோ தெரிந்தால் அங்கிருந்து தொடங்குவோம்.