தண்ணீர் ஏறுவதற்கு முன்னால்: ஏப்ரல் லீவு அனுபவங்கள்

மஸ்கெலியா டீச்சர்

மலைநாட்டுக்குக் கோடையே இல்லை என்று கொழும்பிலிருந்து ஸ்வெட்டரோடு வருகிறவர்கள் சொல்வார்கள். இருக்கிறது. தை தொடங்கி சித்திரை வரை எங்கள் பக்கம் வெயில்தான். மே கடைசியில் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் செப்டம்பர் வரை துணி காயாது, அடுப்புக்கு மேலே கயிறு கட்டவேண்டும். ஆகவே எங்களுக்குக் கோடை முடிவது ஏப்ரல் லீவோடுதான். இந்த வருஷ லீவைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. உங்கள் வீட்டுக் கதையையும் கீழே எழுதுங்கள்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. பிள்ளைகளுக்கு லீவு என்றால் எனக்கும் லீவு. இத்தனை வருஷமாக இதைப் பெரிதாக நினைத்ததில்லை. என் அம்மா கொழுந்து பறித்தவர். அவருக்கு லீவு என்பது தோட்டத்து வேலைப் பதிவில் பேர் விழாத நாள். பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடுவதற்கு முன் என்னைப் பிள்ளை மடுவத்தில், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், விட்டுவிடுவார். நான் எழுந்து நின்றதையும் நடந்ததையும் முதலில் பார்த்தது அங்கிருந்த ஆயாம்மாதான். அம்மாவிடம் கேட்டால், "நீ நடந்தப்போ நான் மலையில நின்னேன், சாயங்காலம் ஆயா சொன்னுச்சு" என்பார், ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் போல. வருத்தம் எனக்குத்தான் வரும்.

இந்த முறை லீவை நாள் கணக்காகப் பார்த்ததற்குக் காரணம் என் மூத்தவள். உயர்தரப் பரீட்சை எழுதி, கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. மே மாதம் வந்தாறுமூலைக்குப் போகவேண்டும். வீட்டில் நாங்கள் ஐந்து பேர்: நான், இவர், மகள், தம்பி (மகனை அப்படித்தான் கூப்பிடுவோம்), அம்மா. ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ் இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணினேன். எண்ணியிருக்கக் கூடாது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் நான்கு நாளை வீணாக்கினேன். வீடு கழுவினேன். ஜன்னல் துடைத்தேன். வருஷப்பிறப்புக்கு முறுக்கு சுட்டேன், அதிரசம் சுட்டேன், அதிரசம் கல்லாகிவிட்டது. மகள் வந்து, "அம்மா, நான் போனதுக்கு அப்புறம் ஜன்னல் தொடைக்கலாமே" என்றாள். சும்மா சொன்னாளோ, வேண்டுமென்றே சொன்னாளோ தெரியாது. துணியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகுதான் லீவு. காலை எட்டு மணி வரை யாரும் குளிக்கவில்லை. அடுப்படியில் ரொட்டி. நான் தட்டிப் போட, மகள் அம்மியில் கட்டைச் சம்பல் அரைக்க, தம்பி சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிட, அம்மா புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாயத்தண்ணி குடிப்பார். ஐந்தாவது ரொட்டி இவருக்கு என்று ஒதுக்கி வைப்போம், அதையும் தம்பி சாப்பிட்டுவிடுவான். இவர் ஆட்டோ ஓட்டுகிறார். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். சூரிய உதயம் பார்க்கிறவர்கள் நடுராத்திரியிலேயே ஏறத் தொடங்கவேண்டும் என்பதால் மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு ஹயர், அதாவது வாடகை ஓட்டம், எல்லாம் ராத்திரியில்தான். விடியும்போது வந்து, "ரொட்டி எங்கே?" என்று கேட்பார். நாங்கள் நாலு பேரும் மேலே பார்ப்போம்.

தம்பி வளர்ந்துவிட்டான் என்று எனக்குக் காட்டியது ஓர் அட்டை. ஏப்ரலில் பின்னேரம் இடி இடித்துக் கொஞ்சம் பெய்யும், அந்த ஈரத்துக்கே புல்லில் அட்டை கிளம்பிவிடும். போன வருஷம் வரை காலில் அட்டை ஏறினால் லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி அலறுவான். நான் உப்போடு ஓடுவேன். இந்த முறை பந்து எடுக்கப் போனவன் சத்தமில்லாமல் வந்து, சவர்க்காரத்தைத் தேய்த்து எடுத்துப் போட்டுவிட்டு, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி விளையாடப் போனான். உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பாடசாலை அரைக்காற்சட்டையும் கட்டையாகிவிட்டது. மடித்துத் தைத்ததைப் பிரித்து இறக்கலாம் என்றால், நீளக் காற்சட்டைதான் வேண்டுமாம். தையல்காரர் அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். மஸ்கெலியாக்காரர்களுக்குத் தெரியும், இப்போதிருக்கும் டவுன் பழைய டவுன் இல்லை. 1960களின் கடைசியில் மவுசாகலை அணை கட்டியபோது பழையது தண்ணீருக்கடியில் போனது. வெயில் நன்றாகக் காய்கிற வருஷம் நீர்மட்டம் இறங்கி, பழைய கோயிலின் சுவரும் கட்டட அடித்தளங்களும் வெளியே வரும். வேன் பிடித்து வந்து பார்க்கிறவர்களும் உண்டு. நாங்கள் இங்கேயே இருந்துகொண்டு சேர்ந்து போனதே இல்லை. இந்த முறை இவர் ஒரு பகல் ஹயரை விட்டுவிட்டு, எல்லாரையும் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு போனார்.

சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. தம்பி வெடிப்புக்கு வெடிப்பு தாண்டினான். அந்த டவுன் தண்ணீருக்குள் போகும்போது அம்மாவுக்குப் பத்து வயது இருக்கும். ஒரு படிக்கட்டு மாதிரி இருந்த கல்லில் உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டிக் கடை சொன்னார். "இது துணிக்கடை. இங்க சர்பத் விப்பாங்க. எங்கப்பா சம்பளத்தன்னைக்கு இந்த மூலையிலதான் வளையல் வாங்கிக் குடுத்தாரு." எனக்குக் கல்லும் சேறும்தான் தெரிந்தன. அவர் கடை கடையாக நடந்துகொண்டிருந்தார்.

மகள் போனில் படமெடுத்துக்கொண்டே கேட்டாள்: "அம்மாயி, அம்மா சின்னப் பிள்ளையா இருக்கும்போது இப்படி எங்கேயாவது கூட்டிக்கிட்டு வந்தீங்களா?"

அம்மா சிரித்தார். "வந்தா யாரு பேரு போடுவா?"

மகளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. அம்மாவின் பக்கத்தில் அந்தக் கல்லில் போய் உட்கார்ந்தேன். நாற்பத்து மூன்று வயதில் என் அம்மாவோடு எனக்கு முதல் சுற்றுலா. கொண்டுபோன ரொட்டியில் பாதியை அவர் எனக்குப் பிய்த்துத் தந்தார். பிள்ளைகளுக்குக் கூடத் தரவில்லை, எனக்குத்தான்.

அட்டன் அப்பா

டீச்சர், உங்கள் ஐந்தாவது ரொட்டியைப் படித்து என் மனைவி சிரித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் அது எட்டாவது ரொட்டி.

நாங்கள் நுவரெலியா சீசனுக்குப் போனோம். போகாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகு எல்லாம் சரி, ஆனால் ஏப்ரலில் முழு இலங்கையும் அங்கேதான் நிற்கிறது. கண்ட விலை சொன்னார்கள். சின்னவள் குதிரையில் ஏறி, ஏறிய உடனே இறங்கவேண்டும் என்று அழுதாள். காசு திரும்பக் கிடைக்கவில்லை.

ஆனால் ரயில் இருக்கிறதே, அதற்காக மறுபடி போவேன். அட்டனில் ஏறினால் கொட்டகலைக்கு முன்னால் சிங்கமலைச் சுரங்கம். உள்ளே போனதும் பெட்டி முழுக்க "ஊ" என்று கத்துவது நம் ஊர் வழக்கம். என் மூத்தவனுக்குப் பதினைந்து வயது. இந்த வருஷம் ஏறும்போதே, "அப்பா, கத்தாதீங்க, வெட்கமா இருக்கு" என்று எச்சரித்துவிட்டான். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். இருட்டு வந்தது. எல்லாரும் கத்தினார்கள். என் காதுக்குப் பக்கத்திலேயே ஒரு குரல், உடைந்த குரல், எல்லாரையும் விடச் சத்தமாக. வெளிச்சம் வந்தபோது அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் ஜன்னலைப் பார்த்தேன். கொட்டகலை தாண்டி சென்கிளேயர் அருவி வரும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் வாய் மூடி உட்கார்ந்ததில்லை.

பண்டாரவளைக்காரி

உங்கள் பக்கத்துக்கு ஏப்ரல் என்றால் எங்கள் ஊவாப் பக்கத்துக்கு ஆகஸ்ட் லீவுதான். தென்மேல் மழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்து, எங்களுக்குக் காய்ந்த காற்று மட்டும் வரும். அப்புத்தளையில் நின்றால் ஆளைத் தூக்கும். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏறும் என்பதால், தோட்டத்தில் வேலையும் அப்போதுதான் நெருக்கும். நான் இப்போதும் கொழுந்துக்குப் போகிறவள். டீச்சர் மாதிரி எனக்குப் பன்னிரண்டு நாள் கிடைக்காது, ஞாயிறும் போயா என்கிற பௌர்ணமி லீவும்தான். குறையாகச் சொல்லவில்லை அக்கா. பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது என் மகள் பாதி வழி வரை வந்து கூடையை வாங்கிக்கொள்வாள். லீவு நாளில் மட்டும்தான் அது. வெறும் கூடைதான், பாரமே இல்லை. அவள் கேட்கும்போது பாரம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொடுப்பேன்.

கொழும்பில் இருக்கும் ஒரு மகன்

இந்த இழையை மூன்று தரம் திறந்து மூடினேன். என் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்தார். இரண்டு வருஷம் போய், சில மாதம் இருந்து, மறுபடி இரண்டு வருஷம். நான் அம்மாயி வீட்டில் வளர்ந்தேன். ஒரு முறை அவர் வந்து இஸ்தோப்பில், முன் திண்ணையில், நின்றபோது, நான் உள்ளே ஓடி, "யாரோ வந்திருக்காங்க" என்று சொன்னேன். அம்மா இன்றைக்கும் அதைப் பகிடியாக எல்லாரிடமும் சொல்வார். எனக்கு அது பகிடி இல்லை.

இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் புறக்கோட்டையில் கடையில் வேலை. வருஷப்பிறப்புக்கு நான்கு நாள் போனேன். நான் தூங்குகிறேன் என்று நினைத்து இரண்டு தரம் வந்து போர்வையை இழுத்துவிட்டார். எனக்கு இருபத்தாறு வயது, போர்வையும் சரியாகத்தான் இருந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

டீச்சர், உங்கள் அம்மா ரொட்டியைப் பிய்த்துத் தந்தது எனக்குப் புரிந்தது.

அட்டன் அப்பா

தம்பி, அடுத்த லீவுக்கு அம்மாவோடு அட்டனுக்கு வாங்கள். ரொட்டி கணக்கில் இருவரைச் சேர்த்துக்கொள்கிறோம்.

மஸ்கெலியா டீச்சர்

எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து வருகிறேன். பண்டாரவளைத் தங்கச்சி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வெறுங்கூடைதான் தோளுல உறுத்தும்" என்றார். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். போகும் வழியில் மலை இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினாள். வந்தாறுமூலை வெக்கையில் நின்றுகொண்டு, "அம்மா, இங்கே குளிர்தண்ணியே சுடுது" என்றாள். அதிரசக் கல்லை டின்னோடு கொடுத்து அனுப்பினேன். அறைத்தோழிகள் தேத்தண்ணியில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்களாம்.

வெசாக்கும் முடிந்தது. ராத்திரியில் மலை உச்சி வரை கோடாகத் தெரிந்த விளக்குகள் இல்லை, இவர் வீட்டில்தான் தூங்குகிறார், காலையில் ரொட்டிக்கு முதல் ஆள். கணக்கு இப்போது நான்கு. நான் இன்னும் ஐந்துக்கு மாவு பிசைகிறேன், தம்பி இருப்பதால் மிஞ்சுவதில்லை.

நேற்றிலிருந்து விடாத மழை. பாடசாலை விட்டு வந்தவன், கோயில் சுவரில் மேல் பாதிதான் தெரிகிறது, தண்ணீர் ஏறுகிறது என்றான். போனில் அக்காவிடமும் சொன்னான். அவள் உடனே படம் வேண்டும் என்றாள். இந்த மழையில் போகக் கூடாது, போன் நனையும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அம்மா உள்ளே போய்த் தன் பழைய படங்கை எடுத்து வந்தார், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டியது. அவன் அதைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, அப்பாவின் போனோடு இறங்கிவிட்டான். புது நீளக் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு போனதை மட்டும் பார்த்தேன்.

உப்பை எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை, அவனுக்கு ஊற்றிய சாயத்தண்ணி ஆறுகிறது.