ஈரம் உறிஞ்சலா, ஈரம் வாங்கலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காற்றில் ஈரம் கூடக்கூட ஒரு தூள் எவ்வளவு நீரைச் சேர்த்துக்கொள்கிறது என்று அளந்து வரையும் கோட்டுக்கு ‘ஈர உறிஞ்சல் சமவெப்பக்கோடு’ என்று நம் குழுவில் ஐயா ஒருவர் பெயர் சொல்லியிருந்தார். சமவெப்பக்கோடு சரி. வெப்பநிலையை மாற்றாமல்தான் அளக்கிறோம். எனக்கு உறுத்துவது ‘உறிஞ்சல்’.

நம் பாடநூல்களில் உறிஞ்சுதல் என்றால் பொருளுக்குள்ளே போவது. மேலே ஒட்டிக்கொள்வதற்குப் பரப்புக் கவர்தல் என்று தனிச்சொல் உண்டு. இலங்கையில் அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் என்பார்கள். தூளில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். எடை கூடியதைக் காட்டும் தராசு, எது உள்ளே போனது, எது மேலே ஒட்டியது என்று சொல்லாது. இதே சிக்கலில் மாட்டிய மக்பெய்ன் என்ற வேதியியலாளர், 1909இல் ‘அப்சார்ப்ஷன்’ (உள்ளே போவது), ‘அட்சார்ப்ஷன்’ (மேலே ஒட்டுவது) என்ற ஆங்கிலச் சொற்களின் முன்னொட்டை உதறிவிட்டு ‘சார்ப்ஷன்’ என்று புதுச்சொல் கட்டினார். நாம் அகத்தையும் புறத்தையும் வெட்டினால் மிஞ்சுவது மறுபடியும் உறிஞ்சல்தான்!

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிப் பக்கம் கருப்பட்டித் தூளோடு மல்லுக்கட்டுகிறவன். இங்கே யாரும் உப்பு ஈரத்தை உறிஞ்சிவிட்டது என்று சொல்வதில்லை. “உப்பு ஈரம் வாங்கிருச்சு” என்பார்கள். அப்பளம் நமுக்கும், கருப்பட்டி கசியும், ஆனால் எல்லாமே முதலில் ஈரம் வாங்கும். உள்ளேயா வெளியேயா என்ற கேள்வியே அந்தச் சொல்லில் இல்லை. அதனால் ‘ஈரம் வாங்கல்’ என்கிறேன். திரும்பக் காயும்போது ‘ஈரம் விடல்’. வாங்கும் கோடும் விடும் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் போவதுண்டு. அந்த இடைவெளிக்குக் காந்தவியலில் பழகிய ‘தயக்கம்’ (ஹிஸ்டெரிசிஸ்) போதும்.

‘வாங்கல்’ கடைத்தெருச் சொல் என்று ஒருவர் எழுதியிருந்தார். மூச்சு வாங்குகிறோம், அடி வாங்குகிறோம். எந்தக் கடையில்?

இதைவிடப் பெரிய தலைவலி ‘ஈரப்பதம்’. வானிலைச் செய்தியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் காற்று. நெல் கொள்முதலில் 17 சதவீதம் என்றால் நெல். நம் வரைபடத்தில் ஒன்று கிடை அச்சு, மற்றது நிலை அச்சு. இரண்டுக்கும் ஒரே பெயர் எழுதினால் படிப்பவர் பாடு திண்டாட்டம். அளவும் வேறு: காற்றுக்கு, அந்த வெப்பநிலையில் அது தாங்கக்கூடிய உச்சத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு; தூளுக்கு, 100 கிராம் உலர்பொருளுக்கு எத்தனை கிராம் நீர் என்பது. முதலில் ‘காற்றீரம், உள்ளீரம்’ என்று எழுதிவைத்தேன். அப்புறம்தான் ‘உள்’ளைப் போட்டு அதே குழியில் விழுந்தது தெரிந்தது. ‘காற்றீரம், பொருளீரம்’ என்று மாற்றிக்கொண்டேன்.

அளக்கும் முறையைக் கேட்டவர்களுக்கு: மூடிய ஜாடியின் அடியில் தெவிட்டிய (இனி உப்புக் கரையாத அளவுக்குக் கரைத்த) உப்புக்கரைசல், மேலே சிறு கிண்ணத்தில் தூள். எடை மாறாமல் நிற்கும்வரை நிறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 25 டிகிரியில் மெக்னீசியம் குளோரைடு கரைசல் ஜாடிக்குள் காற்றீரத்தை 33 சதவீதத்தில் நிறுத்தும், சோடியம் குளோரைடு 75இல். முதல் தடவை, கைக்கெட்டும் தூரத்தில் வாலிநோக்கம் உப்பளம் இருக்கிறதே என்று அளத்து உப்பையே போட்டேன். எண் பிசகியது. அளத்து உப்பில் மெக்னீசியம் குளோரைடு கொஞ்சம் கலந்திருக்கும். சுத்த உப்பு காற்றீரம் 75 வரை காய்ந்தே கிடக்கும். மெக்னீசியம் குளோரைடோ 33லேயே தண்ணீராகத் தொடங்கிவிடும். நம் கடற்கரை வீடுகளில் உப்பு ஜாடி எப்போதும் சொதசொதவென்று இருப்பதற்கு இந்தக் கலப்பு ஒரு முக்கியக் காரணம்.

அந்த 75, 33 என்ற எல்லைகளுக்கும் ஒரு பெயர் வேண்டும். இப்படித் தண்ணீராவதற்கே பாடநூலில் ‘ஈரம் உறிஞ்சிக் கரைதல்’ என்று நீளமாக இருக்கிறது. ‘கசிவெல்லை’ என்று வைக்க ஆசை, ஆனால் கசிவு என்றதும் குழாயும் எரிவாயுவும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘நீராகும் ஈரம்’ எப்படி? வேறு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.